அமெரிக்காவில் தேர்தல் முடிவு யாருடைய கையெழுத்தில் உறுதியாகிறது?

“அமெரிக்காவில் நம் ஊர் போலத் தேர்தல் ஆணையம் கிடையாதாமே? அப்படியானால் டிவி சேனல் அறிவிப்பதை வைத்துத்தான் அதிபர் ஆகிறார்களா? வாரக்கணக்கில் எண்ணிக்கொண்டே இருக்கிறார்களே, அதற்குள் தில்லுமுல்லு நடக்காதா?” என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்று கேள்வியாகத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான்: இன்னார் ஜெயித்தார் என்பது சட்டப்படி எந்த இடத்தில், யார் கையெழுத்துப் போட்டதும் உறுதியாகிறது? டெல்லியில் ஓர் ஆணையம் அறிவித்துக் கேட்டுப் பழகிய நமக்கு இதற்கு ஒற்றைப் பதில் இருக்க வேண்டும் என்று தோன்றும். அங்கே அப்படி ஒரு பதில் கிடையாது. ஆயிரக்கணக்கான உள்ளூர் அலுவலகங்களில் தொடங்கி, மாநிலத் தலைநகரங்கள் வழியாகப் போய், வாஷிங்டனில் ஜனவரி 6 அன்று முடியும் ஒரு கையெழுத்துச் சங்கிலிதான் அதிபர் தேர்தலின் முடிவு. டிவி சேனல் அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணியே அல்ல. தாமதத்தைப் பார்த்துச் சந்தேகப்படுவது இயல்பு. ஆனால் சோதனைகள் எல்லாம் நடப்பது அந்தத் தாமதத்துக்குள்தான். கவலைப்பட வேண்டிய இடம் வேறு ஒன்று இருக்கிறது, அதற்கும் வருகிறேன்.

முதலில் ஆணையம். பெயரைப் பார்த்தால் இரண்டு இருக்கின்றன. ஃபெடரல் எலெக்‌ஷன் கமிஷன் என்று ஒன்று 1970-களிலிருந்து இயங்குகிறது. அதன் வேலை தேர்தல் நிதி மட்டுமே: வேட்பாளர் யாரிடம் எவ்வளவு வாங்கினார், எதற்குச் செலவழித்தார் என்ற கணக்கை வாங்கி வெளியிடுவது, வரம்பு மீறினால் நடவடிக்கை எடுப்பது. ஆறு உறுப்பினர்களில் ஒரே கட்சிக்காரர்கள் மூன்று பேருக்கு மேல் இருக்கக் கூடாது, எந்த முக்கிய முடிவுக்கும் நான்கு வாக்கு வேண்டும். அதனால் அடிக்கடி மூன்றுக்கு மூன்று என்று முட்டிக்கொண்டு நின்றுவிடும். இன்னொன்று 2002-ல் நாடாளுமன்றம் போட்ட சட்டத்தால் வந்த எலெக்‌ஷன் அசிஸ்டன்ஸ் கமிஷன். வாக்கு இயந்திரங்களுக்குத் தர அளவுகோல் வகுப்பது, மாநிலங்களுக்குப் பணம் பிரித்துத் தருவது அதன் வேலை. அந்த அளவுகோலை ஏற்பதும் மாநிலத்தின் விருப்பம். இந்த இரண்டில் எதுவும் ஒரு வாக்குச்சீட்டைக்கூடத் தொடுவதில்லை.

தேர்தலை நடத்தும் பொறுப்பை அமெரிக்க அரசியல் சாசனமே மாநிலங்களிடம் கொடுத்திருக்கிறது. நாடாளுமன்றத் தேர்தலின் நேரம், இடம், முறையை மாநிலச் சட்டமன்றம் வகுக்கும், நாடாளுமன்றம் அதை மாற்றலாம் என்று முதல் பிரிவு சொல்கிறது. மாநிலத்தின் சார்பில் அதிபருக்கு வாக்களிக்கும் எலெக்டர்களை எப்படி நியமிப்பது என்பதும் மாநிலச் சட்டமன்றத்தின் கையில் என்று இரண்டாம் பிரிவு சொல்கிறது. இந்த இரண்டு இடத்திலும் அதிபருக்கு எந்த அதிகாரமும் தரப்படவில்லை. நவம்பர் முதல் திங்களுக்கு அடுத்த செவ்வாய் என்று நாள் குறித்தது 1845-ல் நாடாளுமன்றம் போட்ட சட்டம். அதற்குப் பிறகு பதிவு எப்படி, அடையாள அட்டை வேண்டுமா, தபால் வாக்கு எப்போது வந்து சேர வேண்டும் என்பதெல்லாம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. நார்த் டகோட்டாவில் வாக்காளர் பதிவு என்ற ஒன்றே கிடையாது. மினசோட்டாவில் தேர்தல் அன்றே சாவடியில் பதிந்து வாக்களிக்கலாம். ஃப்ளோரிடாவில் 29 நாளுக்கு முன்பே பதிந்திருக்க வேண்டும். “அமெரிக்காவில் இப்படித்தான்” என்று யாராவது ஒரு விதியைச் சொன்னால், எந்த மாநிலத்தில் என்று திருப்பிக் கேளுங்கள். நான் சொல்லும் விதிகளுக்கும் அது பொருந்தும். அவை மாறிக்கொண்டே இருப்பவை, அந்தந்த ஆண்டுக்கு அந்தந்த மாநிலத்தின் தளத்தில் பார்த்துக்கொள்வது நல்லது.

மாநில அளவில் தேர்தலுக்குத் தலைமை தாங்குபவர் பெரும்பாலும் செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட். இங்கே ஒரு குழப்பம் வரும். வாஷிங்டனில் அதே பெயருள்ள பதவி வெளியுறவு அமைச்சர். மாநிலத்தில் அந்தப் பெயர் வேறொரு பதவிக்கு, அவர்தான் தேர்தல் அதிகாரி. நார்த் கரோலினா, நியூயார்க், விஸ்கான்சின் போன்றவற்றில் ஒருவருக்குப் பதில் ஒரு குழு. ஆனால் சாவடி திறப்பது, ஆள் அமர்த்துவது, சீட்டு அச்சடிப்பது, எண்ணுவது எல்லாம் அதற்கும் கீழே, பெரும்பாலும் கவுண்டி அளவில். கவுண்டியை நம் மாவட்டத்துக்கு ஈடாக வைத்துக்கொள்ளலாம், அளவுதான் ஏகத்துக்கும் மாறும். லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியில் ஏறத்தாழ ஒரு கோடிப் பேர். டெக்சாஸில் உள்ள லவ்விங் கவுண்டியில் 2020 கணக்கெடுப்பின்படி 64 பேர். மிச்சிகனிலும் விஸ்கான்சினிலும் கவுண்டிக்கும் கீழே நகர, ஊர் எழுத்தர்களே நடத்துகிறார்கள். எல்லாம் சேர்த்தால் நாடு முழுக்க ஏறத்தாழ பத்தாயிரம் தேர்தல் அலுவலகங்கள்.

ஏன் இவ்வளவு நேரம் எடுக்கிறது என்பதற்கு வாக்குச்சீட்டைப் பார்த்தாலே பாதி புரிந்துவிடும். அங்கே ஒரே சீட்டில் அதிபர், செனட்டர், பிரதிநிதிகள் சபை உறுப்பினர், மாநிலச் சட்டமன்றம், ஷெரிஃப், பள்ளிக் குழு, சில மாநிலங்களில் நீதிபதிகள், அதற்கு மேல் ‘இந்த வரியைக் கூட்டலாமா’ என்பது போன்ற நேரடி வாக்கெடுப்புகள், எல்லாம் வரிசையாக இருக்கும். பள்ளிக் குழுவின் எல்லையும் ஊராட்சியின் எல்லையும் ஒன்றாக இருக்காது என்பதால் ஒரே கவுண்டிக்குள் தெருவுக்குத் தெரு வேறு வேறு சீட்டு அச்சிட வேண்டியிருக்கும். இதைக் கையால் எண்ணி முடிப்பது பெரும்பாடு. அதனால் வாக்காளர் காகிதச் சீட்டில் வட்டத்தைப் பேனாவால் நிரப்புகிறார், ஸ்கேனர் அதைப் படித்து எண்ணுகிறது, காகிதம் பெட்டிக்குள் விழுகிறது. நாட்டின் பெரும்பகுதியில் இன்று இதுதான் நடைமுறை. சாவடி மூடியதும் இயந்திரம் ஒரு நீளமான காகிதச் சுருளில் கணக்கை அச்சிட்டுத் தரும். சாவடிப் பணியாளர்கள் அதில் கையெழுத்திடுவார்கள். பல மாநிலங்களில் அவர்கள் இரு கட்சியிலிருந்தும் இருந்தாக வேண்டும். சங்கிலியின் முதல் கண்ணி அந்தச் சுருள்.

தபால் வாக்கு இன்னும் நிதானமான வேலை. பென்சில்வேனியாவை எடுத்துக்கொள்வோம். வாக்காளர் சீட்டை முதலில் ஒரு ரகசிய உறைக்குள் போட்டு, அதை இன்னொரு வெளி உறைக்குள் வைத்து, வெளி உறையின் பின்புறம் கையெழுத்தும் தேதியும் போட வேண்டும். உள் உறையை மறந்தால் அந்த வாக்கு செல்லாது என்று 2020 செப்டம்பரில் அந்த மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தேதி விடுபட்ட உறைகளைப் பற்றிய வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நீதிமன்றம் நீதிமன்றமாக ஏறி இறங்கியிருக்கின்றன. தேர்தல் அன்று இரவு 8 மணிக்குள் கவுண்டி அலுவலகத்துக்கு வந்து சேராத உறை எண்ணப்படாது. இதில் முடிச்சு எங்கே என்றால், உறையைப் பிரிக்கவே தேர்தல் அன்று காலை 7 மணிக்கு முன் சட்டம் இடம் தருவதில்லை. பிரித்து, உள் உறையை எடுத்துக் கலைத்து, மடிப்பை நீவி, ஸ்கேனரில் ஊட்ட வேண்டும். 2020-ல் கொரோனா காரணமாக லட்சக்கணக்கில் உறைகள் குவிந்தன. சாவடிக்கு நேரில் போனவர்களில் குடியரசுக் கட்சிக்காரர்கள் அதிகம், தபாலில் அனுப்பியவர்களில் ஜனநாயகக் கட்சிக்காரர்கள் அதிகம். சாவடி வாக்குகள் முதலில் எண்ணப்பட்டதால் அன்றிரவு டிரம்ப் 6 லட்சத்துக்கும் மேல் முன்னிலையில் இருந்தார். உறைகள் பிரியப் பிரிய அது கரைந்து, கடைசியில் பைடன் 80,555 வாக்கில் ஜெயித்தார். ராத்திரியோடு ராத்திரியாக யாரும் வாக்குகளைக் கொண்டுவந்து கொட்டவில்லை. முன்பே வந்து அலுவலகத்தில் பூட்டிக் கிடந்த உறைகளைப் பிரிக்கும் வரிசைதான் அந்தத் தோற்றத்தைத் தந்தது. ஃப்ளோரிடாவில் தபால் வாக்குகளை நாட்கணக்கில் முன்பே ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ள சட்டம் அனுமதிக்கிறது, அதனால் அங்கே சில மணி நேரத்தில் படம் தெளிந்துவிடும். கலிஃபோர்னியாவில் பதிவான வாக்காளர் எல்லோருக்கும் தபால் சீட்டு போகிறது, தேர்தல் நாளுக்குள் முத்திரை விழுந்த உறை ஒரு வாரம் கழித்து வந்தாலும் 2024-ல் ஏற்றார்கள், கையெழுத்து பொருந்தாவிட்டால் வாக்காளரைக் கூப்பிட்டுச் சரிசெய்ய வாய்ப்பும் தந்தார்கள். அங்கே வாரக்கணக்கில் ஆவதற்கு அதுதான் காரணம். வேகம் வேண்டுமா, கூடுதல் பேருக்கு வசதி வேண்டுமா என்று ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியே எடுத்த முடிவு இது.

இனி டிவி. சேனல்கள் சொல்வது செய்தி, தீர்ப்பு அல்ல. அசோசியேட்டட் பிரஸ் நிறுவனம் 1848-லிருந்து அதிபர் தேர்தல் வாக்குகளைத் திரட்டி வருகிறது. நாடு முழுக்க ஒரே இடத்தில் கூட்டிச் சொல்ல அரசு அமைப்பு எதுவும் இல்லாததால் அந்த இடத்தைப் பத்திரிகைகள் நிரப்பின. கவுண்டி அலுவலகங்களில் ஆள் வைத்துக் கணக்கை வாங்குவார்கள், எண்ண வேண்டியது எத்தனை, அது எந்தப் பகுதியிலிருந்து வர வேண்டும் என்று பார்ப்பார்கள், பின்தங்கியவர் எட்டிப் பிடிக்க வழியே இல்லை என்று உறுதியானதும் பெயரை அறிவிப்பார்கள். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆனால் 2000-ஆம் ஆண்டு நவம்பர் 7 இரவை மறந்துவிடக் கூடாது. ஃப்ளோரிடா அப்போதைய துணை அதிபரும் ஜனநாயகக் கட்சி வேட்பாளருமான அல் கோருக்கு என்று சேனல்கள் அறிவித்தன, அப்போது அந்த மாநிலத்தின் மேற்கு மூலையில் சாவடிகள் மூடப்படவே இல்லை. பிறகு வாபஸ் வாங்கின. நள்ளிரவுக்குப் பின் குடியரசுக் கட்சியின் ஜார்ஜ் புஷ்ஷுக்கு என்றன. அதை நம்பி அல் கோர் புஷ்ஷுக்கு ஃபோன் செய்து தோல்வியை ஒப்புக்கொண்டார், கொஞ்ச நேரத்தில் வித்தியாசம் சுருங்குவதைப் பார்த்து மறுபடி ஃபோன் செய்து அதைத் திரும்பப் பெற்றார். சேனல்களும் விடிவதற்குள் இரண்டாம் அறிவிப்பையும் வாபஸ் வாங்கின. அதன்பின் ஐந்து வாரம் இழுத்து, டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றத் தீர்ப்போடு அது முடிந்தபோது வித்தியாசம் 537 வாக்கு. தோற்றவர் ஒப்புக்கொள்வதற்கும் சட்டத்தில் எந்த மதிப்பும் கிடையாது என்பது இதிலிருந்தே தெரியும். அது ஒரு நல்ல வழக்கம், அவ்வளவுதான். 2020-ல் டிரம்ப் ஒப்புக்கொள்ளாமலே கையெழுத்துகள் எல்லாம் தத்தம் நாளில் விழுந்தன.

தேர்தல் இரவில் கவுண்டி வெளியிடும் எண்ணிக்கையும் அதிகாரபூர்வமானது அல்ல, அந்தப் பக்கத்திலேயே அப்படித்தான் போட்டிருக்கும். அதற்கு மேல் நடப்பதற்கு அங்கே ‘கேன்வாஸ்’ என்று பெயர். நம் ஊரில் கேன்வாஸ் என்றால் வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்பது. தேர்தல் அலுவலகத்தில் அந்தச் சொல்லுக்கு, கணக்கைச் சாவடி சாவடியாகச் சரிபார்ப்பது என்று பொருள். சாவடியில் கையெழுத்துப் போட்டுச் சீட்டு வாங்கியவர்கள் எத்தனை, பெட்டியில் இருந்த சீட்டு எத்தனை, காகிதச் சுருளில் உள்ள எண்ணும் மையக் கணினியில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பார்க்கிறார்கள். பெயர் பட்டியலில் இல்லை என்று உறையில் போட்டு ஒதுக்கி வைத்த தற்காலிக வாக்குகளை ஒவ்வொன்றாக விசாரித்துத் தகுதியானதைச் சேர்க்கிறார்கள். வெளிநாட்டில் இருக்கும் ராணுவத்தினரின் வாக்குகள் சில மாநிலங்களில் இந்த நாட்களிலும் வந்து சேரும். பென்சில்வேனியாவே அவற்றுக்கு ஒரு வாரம் கூடுதலாகத் தருகிறது.

இந்தச் சரிபார்ப்பு வெறும் சடங்கு அல்ல. மிச்சிகனில் ஆன்ட்ரிம் என்று ஒரு சின்னக் கவுண்டி, வழக்கமாகக் குடியரசுக் கட்சியின் கோட்டை. 2020 தேர்தலுக்கு மறுநாள் விடிகாலையில் அதன் தளத்தில் பைடன் சுமார் 3,000 வாக்கு முன்னிலை என்று வந்தது. நடந்தது இதுதான்: சில ஊர்களின் உள்ளூர்ப் போட்டிகளில் ஏற்பட்ட மாற்றத்தால் அக்டோபரில் அந்த ஊர்ச் சீட்டுகளைத் திருத்த வேண்டி வந்தது. திருத்திய வடிவத்தைச் சில ஸ்கேனர்களில் ஏற்றினார்கள், எல்லாவற்றிலும் ஏற்றவில்லை. ஸ்கேனர்கள் வாக்கைச் சரியாகத்தான் எண்ணின. ஆனால் அவை அனுப்பிய கணக்கை மையக் கணினி படித்தபோது வரிசை ஒரு இடம் தள்ளிப்போய், ஒருவர் வாக்கு இன்னொருவர் கணக்கில் ஏறிவிட்டது. காகிதச் சுருள்களில் எண்கள் சரியாக இருந்ததால் ஒப்பிட்டதுமே பிழை தெரிந்தது. திருத்திய கணக்கில் டிரம்ப் தெளிவாக ஜெயித்திருந்தார். சந்தேகம் தீராததால் டிசம்பர் 17 அன்று எல்லாச் சீட்டையும் கையால் எண்ணினார்கள். திருத்திய கணக்கோடு ஒப்பிட்டால் வித்தியாசம் 12 வாக்கு. அதே ஆண்டு ஜார்ஜியாவில் 50 லட்சம் சீட்டுகளைக் கையால் எண்ணியபோது ஃப்ளாய்ட் கவுண்டியில் ஸ்கேன் செய்யாமல் விட்ட சுமார் 2,600 சீட்டுகளும், ஃபயட் கவுண்டியில் கணினியில் ஏற்ற மறந்த ஒரு மெமரி கார்டில் 2,755 வாக்குகளும் கிடைத்தன. அவற்றைச் சேர்த்ததும் பைடனின் முன்னிலை குறைந்தது. அதன்பின் நடந்த இயந்திர மறு எண்ணிக்கையும் முடிந்தபோது 11,779-ல் நின்றது. இரண்டு மாநிலத்திலும் தவறு மனிதக் கையில், பிடித்துக் கொடுத்தது காகிதம். காகிதம் இல்லாத இயந்திரம் வேண்டாம் என்று தேர்தல் பாதுகாப்பு வல்லுநர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

சரிபார்த்து முடித்ததும் கவுண்டிக் குழு சான்றுக் கையெழுத்துப் போட வேண்டும். அதைத் தொகுத்து மாநிலம் கையெழுத்திடும். நான் முதலில் சொன்ன கவலை இந்த இடத்தில்தான். எண்ணுவதைவிடப் பலவீனமானது கையெழுத்து, ஏனென்றால் பேனா கட்சிக்காரர் கையில் இருக்கிறது. பல மாநிலங்களில் செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட்டே கட்சிச் சின்னத்தில் நின்று ஜெயித்து வருபவர். 2018-ல் ஜார்ஜியாவில் பிரையன் கெம்ப் அந்தப் பதவியில் இருந்துகொண்டே ஆளுநர் தேர்தலில் குடியரசுக் கட்சி வேட்பாளராக நின்றார். 2022-ல் அரிசோனாவில் கேட்டி ஹாப்ஸ் அதே போல ஜனநாயகக் கட்சி வேட்பாளராக நின்றார். சட்டப்படி அதில் தவறில்லை, ஆனால் தான் ஆடும் ஆட்டத்துக்குத் தானே நடுவராக இருப்பதை எந்தக் கட்சி செய்தாலும் என்னால் சரியென்று சொல்ல முடியாது. கவுண்டி அளவிலும் இதே சிக்கல். மிச்சிகனில் ஒவ்வொரு கவுண்டிக்கும் இரு கட்சியிலிருந்தும் இரண்டிரண்டு பேர் கொண்ட குழு. 2020 நவம்பர் 17 அன்று டெட்ராய்ட் நகரம் இருக்கும் வேய்ன் கவுண்டியில் அந்தக் குழு இரண்டுக்கு இரண்டு என்று முட்டி நின்றது, சில மணி நேரத்தில் மனம் மாறிச் சான்றளித்தது. 2022-ல் நியூ மெக்சிகோவின் ஓட்டெரோ கவுண்டியும் அரிசோனாவின் கொச்சீஸ் கவுண்டியும் கையெழுத்திட மறுத்தன. இரண்டு இடத்திலும் நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகே கையெழுத்து விழுந்தது. சான்றளிப்பது கடமை, விருப்பம் அல்ல, புகார் இருந்தால் மறு எண்ணிக்கையும் வழக்கும்தான் வழி என்பதை நீதிமன்றங்கள் தெளிவாகவே சொல்லியிருக்கின்றன. மிச்சிகன் மக்கள் 2022-ல் நேரடி வாக்கெடுப்பு வழியாக அதைத் தங்கள் மாநிலச் சாசனத்திலேயே எழுதிவிட்டார்கள்.

மாநிலக் கையெழுத்து விழுந்த பிறகு எலெக்டர்கள். பிரதிநிதிகள் சபையின் 435, செனட்டின் 100, தலைநகர் வாஷிங்டனுக்கு 3, ஆக 538 பேர். 270 கிடைத்தால் அதிபர். 2024 கணக்கில் கலிஃபோர்னியாவுக்கு 54, டெக்சாஸுக்கு 40, வயோமிங்குக்கு 3. மெய்ன், நெப்ராஸ்கா இரண்டைத் தவிர எல்லா மாநிலத்திலும் ஒரே ஒரு வாக்கு அதிகமாக வாங்கினாலும் அந்த மாநிலத்தின் எலெக்டர்கள் மொத்தமும் ஜெயித்தவருக்கே. நாடு முழுக்க ஹிலாரி கிளின்டன் 28 லட்சத்துக்கும் மேல் கூடுதலாக வாங்கியும் 2016-ல் தோற்றது இந்தக் கணக்கில்தான். எலெக்டர்கள் கட்சி நிறுத்தும் விசுவாசிகள். அவர்கள் வாக்கை மாற்றாமல் இருக்க மாநிலம் கட்டாயப்படுத்தலாம் என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

2024-25 தேதிகளை வைத்துப் பார்த்தால் சங்கிலி முழுதும் கண்ணுக்குத் தெரியும். நவம்பர் 5 வாக்குப்பதிவு. மறுநாள் காலைக்குள் டிவி அறிவிப்பு. டிசம்பர் 11-க்குள் ஒவ்வொரு மாநிலமும் தன் எலெக்டர்கள் யார் என்று சான்றளித்தாக வேண்டும். டிசம்பர் 17 அன்று எலெக்டர்கள் தத்தம் மாநிலத் தலைநகரில் கூடி வாக்களித்து ஆறு படிகளில் கையெழுத்திட்டார்கள். ஜனவரி 6 அன்று நாடாளுமன்றத்தின் இரு சபையும் சேர்ந்து உட்கார, ஒவ்வொரு மாநிலத்தின் உறையாகப் பிரித்து வாசித்தார்கள். தலைமை தாங்குவது துணை அதிபர் என்பதால், தான் தோற்ற கணக்கை, 312-க்கு 226 என்று, கமலா ஹாரிஸே அறிவித்தார். 2001 ஜனவரியில் அல் கோரும் இதே நாற்காலியிலிருந்து தன் தோல்வியை அறிவித்திருக்கிறார். ஜனவரி 20 நண்பகலில் பதவிக்காலம் மாறுகிறது. அந்த நேரத்தை அரசியல் சாசனத்தின் 20-ஆம் திருத்தமே குறித்திருக்கிறது.

2021 ஜனவரி 6-ல் நாடாளுமன்றம் கூடும் கேப்பிட்டல் கட்டடத்துக்குள் டிரம்ப் ஆதரவாளர் கூட்டம் புகுந்ததைப் பார்த்திருப்பீர்கள். அப்போது நடைமுறையில் இருந்தது 1887-ஆம் ஆண்டின் குழப்பமான சட்டம். எந்த மாநிலக் கணக்கையும் எதிர்க்க இரு சபையிலிருந்தும் ஒவ்வோர் உறுப்பினர் போதும் என்று இருந்தது. துணை அதிபர் எதையாவது ஒதுக்கிவைக்க முடியுமா என்ற வாதமும், ஏழு மாநிலங்களில் டிரம்ப் தரப்பினர் தாங்களே எலெக்டர்கள் என்று தனியாகக் கையெழுத்திட்டு அனுப்பிய தாள்களும் அந்தக் குழப்பத்தில் முளைத்தவை. எண்ணிக்கை ஜனவரி 7 அதிகாலையில் முடிந்தது. 2022 டிசம்பரில் அந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள். இப்போது துணை அதிபரின் வேலை வாசித்து அறிவிப்பது மட்டுமே, ஆட்சேபிக்க இரு சபையிலும் ஐந்தில் ஒரு பங்கு உறுப்பினர்கள் வேண்டும், மாநிலம் முறைப்படி அனுப்பும் ஒரே சான்றுதான் செல்லும். எழுத்தில் இது உறுதியாக இருக்கிறது. ஆனால் இந்தச் சட்டம் இதுவரை பயன்பட்டது 2025 ஜனவரியில் ஒரே ஒரு முறை, அதுவும் யாரும் எதிர்க்காத தேர்தலில். ஆயிரமோ இரண்டாயிரமோ வாக்கு வித்தியாசத்தில் ஒரு பெரிய மாநிலம் நிற்கும்போது இது எப்படித் தாங்கும் என்பது இன்னும் பரீட்சிக்கப்படாத விஷயம்.

தில்லுமுல்லு நடக்கவே நடக்காதா என்றால், நடக்கும். செத்தவர் பெயரில் உறவினர் வாக்களிப்பது, ஒருவரே இரண்டு மாநிலத்தில் வாக்களிப்பது போன்றவை தேர்தலுக்குத் தேர்தல் பிடிபடுகின்றன, வழக்காகின்றன. பெரிய அளவில் முடிவையே கெடுத்ததற்கு நன்றாக நிரூபணமான உதாரணம் நார்த் கரோலினாவின் 9-ஆவது நாடாளுமன்றத் தொகுதி, 2018. குடியரசுக் கட்சி வேட்பாளர் 905 வாக்கில் முன்னிலை. ஆனால் பிளேடன், ராப்சன் என்ற இரண்டு கவுண்டிகளில் தபால் வாக்கு கேட்டு வாங்கியவர்களில் திருப்பி அனுப்பாதவர்கள் மற்ற இடங்களைவிட மிக அதிகமாக இருந்தார்கள். விசாரித்தால், அந்த வேட்பாளருக்காக வேலை செய்த ஒரு தரகரின் ஆட்கள் வீடு வீடாகப் போய்ச் சீட்டுகளை வாங்கியிருந்தது தெரிந்தது, சில சீட்டுகளை அவர்களே நிரப்பியதாகவும் சாட்சியம் வந்தது. மாநிலத் தேர்தல் குழு சான்றளிக்க மறுத்து, 2019 பிப்ரவரியில் மறுதேர்தலுக்கு உத்தரவிட்டது. ஓட்டெரோவில் மறுத்ததற்கும் இங்கே மறுத்ததற்கும் உள்ள வேறுபாடு கவனிக்க வேண்டியது: இங்கே சட்டம் அந்த அதிகாரத்தைக் குழுவுக்குத் தந்திருந்தது, சாட்சிகளை வெளிப்படையாக விசாரித்த பிறகே முடிவெடுத்தார்கள். 2020 அதிபர் தேர்தலைப் பற்றி 60-க்கும் மேற்பட்ட வழக்குகள் போனபோது இந்த மாதிரி ஆதாரம் எந்த நீதிமன்றத்திலும் நிற்கவில்லை. வாக்காளர் பட்டியலில் இறந்தவர் பெயரும் இடம் மாறியவர் பெயரும் இருப்பது உண்மைதான், ஆனால் பட்டியலில் பெயர் கிடப்பதும் அந்தப் பெயரில் வாக்கு விழுவதும் ஒன்றல்ல. அடையாள அட்டையைக் கட்டாயமாக்கினால் எத்தனை பேர் வாக்களிக்காமல் போகிறார்கள் என்பதில் ஆய்வாளர்களே ஒத்துப்போகவில்லை. இந்த விஷயத்தில் உறுதியாகப் பேசுகிறவர்களைக் கொஞ்சம் தள்ளி வைத்துக் கேளுங்கள்.

அடுத்த முறை அமெரிக்கத் தேர்தல் இரவைப் பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். திரையில் ‘சாவடிகள் 100 சதவீதம்’ என்று இருந்தால் எல்லா வாக்கும் எண்ணி முடிந்தது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எல்லாச் சாவடியிலிருந்தும் ஏதோ ஒரு கணக்கு வந்துவிட்டது என்றுதான் அதற்குப் பொருள், தபால் உறைகளும் தற்காலிக வாக்குகளும் வெளியே இருக்கலாம். எதிர்பார்க்கும் மொத்த வாக்கில் இத்தனை சதவீதம் என்று போடும் கணக்கு இதைவிட நம்பகமானது, ஆனால் அதுவும் மதிப்பீடுதான். வித்தியாசம் அரை சதவீதத்துக்குள் இருந்தால் பென்சில்வேனியா, ஃப்ளோரிடா போன்ற மாநிலங்களில் மறு எண்ணிக்கை தானாகவே வரும். அப்போது சேனலை அணைத்துவிட்டு, அந்தக் கவுண்டியின் தேர்தல் பக்கத்தைத் திறந்து, இன்னும் பிரிக்காத உறைகள் எத்தனை என்று பாருங்கள். பல கவுண்டிகள் அந்த எண்ணை வெளியிடுகின்றன.